காற்றைக் கிளப்பிய பை

வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. பக்கத்துக் கம்பத்தில் ஒரு துணிப்பை. காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டுவதுதான் அதன் வேலை. அன்று அது விறைத்து நீட்டிக்கொண்டு, "இன்றைக்குப் போகாதே. மருந்தெல்லாம் பக்கத்து மீன்குளத்தில்தான் விழும்" என்றது.

"கம்பத்தை விட்டு ஓரடி நகராத உனக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்?" என்று விமானம் கிளம்பிவிட்டது.

மாலைக்குள் மீன்கள் செத்து மிதந்தன. வயலில் புழுக்கள் சௌக்கியமாகத் தின்றுகொண்டிருந்தன. குளத்துக்காரர் சண்டைக்கு வந்தார்.

"நான் என்ன செய்வேன்? இந்தப் பையைக் கட்டிய நாளிலிருந்துதான் இப்படிக் காற்றடிக்கிறது" என்றார் விமானி. விமானமும் ஆமாம் போட்டது. பையை அவிழ்த்து எறிந்தார்கள்.

மறுநாள் விமானி, தொப்பி பறந்துவிடாமல் கையால் அழுத்திப் பிடித்தபடி, மொட்டைக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அப்பாடா, இன்றைக்குக் காற்றே இல்லை."