மயிரிழைக் கோடு

மொட்டை மாடியில் எல்லோரும் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை மாற்றி மாற்றிப் பிடித்துக் கிரகணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கம் சாலைக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஊர்களில் கோயில் நடையைச் சாத்தியிருப்பார்கள். இந்த ஊரில் சாத்துவதில்லை. வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் பார்த்து முடிப்பதற்குள், வீட்டுக்கார ஆதிலட்சுமியின் மகள் கவியா படத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்களும் பாருங்கண்ணே," ஆதிலட்சுமி அதை வாங்கி, கணவனோடு வேலை பார்த்த ஸ்ரீபாலிடம் நீட்டினாள். "அவரு ஆபீஸ் பையில இருந்துச்சு."

ஸ்ரீபால் அதை வாங்கித் தூக்கிப் பிடித்தார்.

படத்தின் நடுவில் மயிரிழையாய் ஒரு கோடு. பதினோரு வருஷமாகக் கண்ணை மூடினால் வந்து நிற்கிற கோடு.

ராக்கெட்டுக்கான கெட்டி எரிபொருளை எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பது அவர் பார்த்த வேலை. அந்த எரிபொருள் வெளியே தெரிகிற பரப்பிலிருந்து அளவாக எரிந்து வர வேண்டும். விரிசல் இருந்தால் நெருப்பு அதற்குள் புகுந்து ஒரேயடியாக எரியும். அழுத்தம் ஏறி ராக்கெட்டின் கூடு வெடித்துவிடும். படத்தில் கோடு தெரிந்தால், படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். படத்தின் மேல் விழுந்த கீறல் என்றால் மினுங்கும். விரிசல் மினுங்காது.

அன்று அவசரம். சாய்க்காமலே, கீறல்தான் என்று கையெழுத்துப் போட்டார்.

சோதனை மேடைக்குப் போன தசரதன், ஆதிலட்சுமியின் கணவன், உயிரோடு திரும்பவில்லை. விசாரணையில் இந்தப் படம் கிடைக்கவில்லை. தசரதன் மின் இணைப்பைத் தப்பாகக் கொடுத்துவிட்டான் என்று கோப்பை மூடினார்கள். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான்? ஸ்ரீபாலும் வாயைத் திறக்கவில்லை. கீறலாகவும் இருந்திருக்கலாம் என்ற ஒரு நினைப்பில்தான் இத்தனை நாளும் அவருக்குச் சோறு இறங்கியது.

படத்தை மெல்லச் சாய்த்தார்.

வெயில் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லோருடைய விரல் ரேகைகளும் மினுங்கின. கவியாவின் நகம் பட்ட இடம்கூட மினுங்கியது.

கோடு மினுங்கவில்லை.

 கிரகணம் நன்றாகத் தெரிகிறது என்று எப்படியோ சொல்லிப் படத்தைத் திருப்பி நீட்டினார்.

ஆதிலட்சுமி அதை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் சூரியனைப் பாத்தாங்க. நீங்க மட்டுந்தாண்ணே படத்தைப் பாத்தீங்க."