இரண்டாம் வாசகம்

ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்து இடத்தில் பிழை.

உபதேசியார் சிங்கராயர் திங்கட்கிழமை கடை திறந்ததும் வந்து, தாளை மேசையில் விரித்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். அவர்களுடைய தேவாலயத்தில் ஈஸ்டர் இரவுப் பாஸ்காத் திருவிழிப்புக்கு நான் அடித்துக் கொடுத்த இரண்டாம் வாசகத் தாள். ஆபிரகாம் தன் மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போகிற பகுதி. அவர்களுடைய வேதத்தில் அந்த மகன் ஈசாக்கு. எங்கள் ஆட்களைக் கேட்டால் இஸ்மாயில் என்பார்கள். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கேட்கிற வரலாறு.

நான் ஐந்து இடத்திலும் இஸ்மாயில் என்று அடித்து வைத்திருக்கிறேன்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஈசாக்கு என்று துலாம்பரமாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அடித்தேன். பதினாறு வருடமாகக் கணினியில் பாமினி எழுத்தில் என் விரல் ஓடுகிறது. கலியாணக் கார்ட், ஜனாஸா அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாம் இந்தக் கையால்தான். எதிலும் ஒருவருடைய பேரை மாற்றிப் போட்டதில்லை.

வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, நோன்போடு அடித்தது, பசி மயக்கமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது சாட்டாகத்தான் பட்டது. வேண்டுமானால் இனி வேறு கடையில் கொடுங்கள் என்றும் சொன்னேன்.

மனிசன் கோபிக்கவில்லை. கோபித்து நாலு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன்னுடைய குழப்பமே வேறு என்றார். தாளில் பிழை வருவது புதினமில்லை, வாசிக்கிறவர் திருத்தி வாசித்துவிடுவார். அதுவும் இந்த வாசகத்துக்கு அருளப்பு மாஸ்டர். முப்பத்தைந்து வருடமாக அவர்தான். தாள் சும்மா கையில் இருக்கும், கண் சனத்தின் மேல் இருக்கும். அவ்வளவும் மனப்பாடம்.

இந்த முறை மாஸ்டர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாராம். இஸ்மாயில் என்று வாசித்தாராம். சனம் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்ததாம். முன்வாங்கில் யாரோ இருமிக் காட்டியும் அவர் நிற்பாட்டவில்லை. ஐந்து இடத்திலும் இஸ்மாயில். அழுத்தி, அவசரமில்லாமல், ஆறுதலாக.

பூசை முடிந்து பங்குச் சுவாமி கேட்டதற்கு, தாளில் இருந்ததைத்தான் வாசித்தேன் என்றிருக்கிறார்.

“மாஸ்டருக்கு மறதி வந்திட்டு, தங்கச்சி. சபையிலயும் கதைச்சிட்டம். இனி அவர வாசிக்க விடுறதில்ல எண்டு முடிவு.”

தவக்காலம் தொடங்கினால் ஐஸ் தண்ணி தொடமாட்டார், அந்த வாசகத்துக்காகத் தொண்டையைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிற மனிசன், அவரிடமிருந்து அதைப் பறித்தால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று உபதேசியார் யோசிக்கவில்லை. அவர் கல்முனைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

மாஸ்டர் தாளை முன்னமே பார்த்தாரா என்று கேட்டேன்.

பார்த்தாராம். சனிக்கிழமை பகலே கொடுத்தாயிற்றாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்று, இது யார் அடித்தது என்று கேட்டாராம். சந்தைப் பக்கத்துக் கடையில் சிபானா என்றொரு பிள்ளை என்று இவர் என் பேரைச் சொல்லியிருக்கிறார். பேனையால் வெட்டித் திருத்தித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். மடித்துச் சேர்ட் பொக்கட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அப்படியென்றால் தெரிந்துதான் வாசித்திருக்கிறார்.

யா அல்லாஹ், இந்த மனிசன் என்ன சொல்ல வருகிறார்? நான் செய்த பிழையை ஊருக்கு முன்னால் போட்டுக் காட்டுகிறாரா? பழி தீர்க்கிறாரா? பழி தீர்க்கிறவர் ஏன் தன் மானத்தைக் கொடுக்க வேண்டும்? வேறு என்ன என்று யோசிக்கவும் பயமாக இருந்தது. யோசித்து, அது பொய்யாகிப் போனால் என்னால் தாங்க ஏலாது.

தாளைப் பார்த்தேன். தகப்பன் கத்தியை எடுக்கிறார், கீழே வைக்கிறார், அதற்குப் பிறகு ஆசீர்வாதம். அவ்வளவுதான். மலையிறங்கி வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பிள்ளை தகப்பனோடு கதைத்ததா? தகப்பன் அதன் முகத்தைப் பார்த்தாரா? அவர்களும் எழுதவில்லை, எங்கள் ஆட்களும் சொல்லவில்லை.

உபதேசியார் எழும்பினார். இப்போதே சுவாமியிடம் போய் வாசகர் பட்டியலில் மாஸ்டரின் பேரை எடுத்துவிட்டு வேறு பேர் போட வேண்டும் என்றார். வெயிலுக்குத் தொப்பியும் போட்டுவிட்டார்.

இந்தக் கடையில், இந்த ஊரில், பதினெட்டு வருடமாக நான் சொல்லாத ஒரு சொல் இருக்கிறது. சொன்னால், ஊர் மறந்துபோனது பின்னேரத்துக்குள் சந்தை முழுக்கத் திரும்பத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

“அவருக்கு மறதி ஒண்டும் இல்ல, அண்ணன்,” என்றேன். “அவர் எண்ட அப்பா. நான் மார்க்கம் மாறிக் கலியாணம் கட்டினதில இருந்து கதையில்ல. எண்ட மூத்தவன்ட பேர் இஸ்மாயில். அவர் இன்னும் அவனக் காணல்ல.”