விரித்த சிறகு

காயம்பட்ட பறவைகளுக்கான கொட்டகையைத் திறந்துவைக்க வந்த சங்கத் தலைவர் பொன்னம்பலவாணருக்கு, பருந்து சிறகை விரித்தால் நீளமா, கூழைக்கடா விரித்தால் நீளமா என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. மருந்து எடுக்கப் போன மருத்துவர் லீமா திரும்பியபோது பருந்தை அளந்து முடித்திருந்தார்கள். தலைவரோடு வந்த இரண்டு பேர் கூழைக்கடாவின் சிறகுகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பின்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்தார்.

“ஐயோ, அதுக்கு வலது றெக்கை முறிஞ்சு இப்பத்தான் கூடிட்டு வருது. விடுங்க!” என்று லீமா கத்தினாள்.

“ஒரு நிமிஷம்மா. எது பெருசுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? இந்தக் கொட்டகையே நாங்க போட்டுக் கொடுத்ததுதானே?”

லீமா தலைவருடைய மணிக்கட்டைப் பற்றி, கையைப் பக்கவாட்டில் நீட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

“ஆ! விடும்மா, வலிக்குது!”

“உங்களுக்கு அதைச் சொல்ல முடியுது சார்.”

பயந்துபோன இருவரும் பறவையை விட்டார்கள். அது இடது சிறகை மெல்ல மடக்கிக்கொண்டது. வலது சிறகு விரிந்தபடியே தரையில் கிடந்தது. லீமா அதன் அருகே மண்டியிட்டாள்.

“படம் நல்லா விழுந்திருக்கா, பாரு” என்று தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார்.