சட்டம் விட்டுவைத்த மரம்

"காடு எரிஞ்சா என்ன வாசனை வரும், கண்ணு?" என்று ஒருமுறை என்னைக் கேட்டாள், எங்கள் பிரேசில் காடுகள் எரிந்து எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் கக்குகின்றன என்று அளக்க வந்த விஞ்ஞானி. வெட்கத்தில் நான் வாயே திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சமையல் வாசனை வருகிறது. அன்று நடுப்பகல், அப்பாவும் நானும் எரிந்த காட்டில் நிற்கிறோம். சூரியன் புகைக்குள் கெட்டுப்போன முட்டைக்கருவைப் போலத் தொங்குகிறது. கண்ணுக்கு எட்டியவரை சாம்பல். நடுவில் எங்கள் பிரேசில் கொட்டை மரம் மட்டும் அடி கருகி, உச்சியில் பச்சையோடு நிற்கிறது. அதன் கொட்டைகளைப் பொறுக்கி விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. "பாத்துக்கங்க அதெமார் அண்ணே, சட்டம் இந்த மரத்த வெட்டாதேன்னுச்சு. நாங்க வெட்டல," என்கிறான் அப்பாவிடம், மேய்ச்சலுக்காகக் காட்டை எரித்த மாட்டுப்பண்ணையின் மேஸ்திரி வால்தெசீர். "சுத்திக் காடு இல்லாம வண்டு எங்கேருந்துய்யா வரும்? வண்டு வராம பூ எப்படிக் காயாகும்?" என்கிறார் அப்பா. "வண்ட விட்டுவைக்கணும்னு சட்டத்துல இல்லியே அண்ணே!" அவனுடைய ஆட்கள் சிரிக்கிறார்கள். அவன் சாம்பலைக் காலால் கிளறி, ஓட்டோடு வெந்துபோன காட்டாமை ஒன்றை எடுக்கிறான். ஓட்டைக் கத்தியால் நெம்பி, மரவள்ளி மாவைத் தூவி, ஒரு துண்டை அப்பாவிடம் நீட்டுகிறான். "சாப்பிடுங்க. உங்க காட்டு ஆமைதானே." கொழுப்பு அவன் முழங்கை வரை வழிகிறது. அதில் ஈ உட்காருகிறது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத என் வாயில் எச்சில் ஊறுகிறது. என் நாக்கையே அறுத்து எறியலாம் போல இருக்கிறது. நான் எச்சிலை விழுங்குவதை அப்பா பார்த்துவிடுகிறார். கொட்டை பொறுக்கும் முதுகுக் கூடையைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார்.