தொண்ணூறாம் நாள் விரிசல்

நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட் மெல்லத்தான் இறுகும். அது முழு பலம் பெறும்வரை, தொண்ணூறு நாள், வீடு கட்டும் கம்பெனி புதுவீட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைக்கும். கூரைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் பொறுப்பு. விரிசல் இல்லையென்றால் வீடு விற்பனைக்குப் போகும். குடும்பம் அடுத்த வீட்டுக்குப் போகும். விரிசல் விட்ட வீட்டைக் காசுள்ளவர்கள் வாங்க மாட்டார்களே, அதைக் கம்பெனி குடியிருந்தவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிடும்.

தேசம்மா ஆறு வீடுகளுக்கு ஒருநாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில்கூட மயிரிழை விரிசல் விழவில்லை. ஏழாவது வீட்டில் குடத்தோடு மாடியேறுவாள். சும்மா நின்றுவிட்டு இறங்கிவிடுவாள். புருஷன் எத்திராஜிடம்கூட இதைச் சொல்லவில்லை.

தொண்ணூறாம் நாள் இன்ஜினீயர் வந்து அண்ணாந்து பார்த்தார். சமையலறைக் கூரையில் மூலைக்கு மூலை கோடு ஓடியிருந்தது.

"தண்ணி ஒழுங்கா ஊத்துனியாம்மா?"

"தெனம் ஊத்துனேன் சார்."

"அப்போ கலவையிலதான் கோளாறு. வீடு உங்களுக்குத்தான். இடிஞ்சு விழுந்தா எங்களைக் கேக்கக்கூடாது. கையெழுத்துப் போடும்மா."

அவர் போனதும் எத்திராஜ் அழுதேவிட்டான். "நமக்குன்னு ஒரு வூடு தேசம்மா! பால் காய்ச்சு!"

கோட்டுக்கு நேர்கீழேதான் அடுப்பு. பால் பொங்கி வரும்போது மேலேயிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பல் நிறத் தூள் அதில் விழுந்தது. தேசம்மா அதைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு, முதல் டம்ளரை நாலு வயது மகளுக்கு ஆற்றிக் கொடுத்தாள்.