தறுதலை

வட்டமாகப் போட்ட நாற்காலிகள் மேல் சாயங்கால வெயில் விழுந்து கிடக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கூடும் அறை. முதல்முறையாக வந்திருக்கும் தையல்காரி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள். "தங்கமான பையன், தங்கமான பையன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஹெல்மெட்டை மாட்டுடான்னு தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டானா, தறுதலை?" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். வீட்டில் என்றால் இந்நேரம் அண்ணி வாயைப் பொத்தியிருப்பாள். இங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. லாரி டிரைவர் ஒருவர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போடுகிறார். "என் பொண்ணும்தாம்மா. நீச்சல் தெரியாம ஆத்துல எறங்கிட்டா, கழுதை. நீங்க நல்லாத் திட்டுங்க. வேற என்னெல்லாம் பண்ணுவான்?" அவள் கை வாரை விடுகிறது. "ஈரத் துண்டைக் கட்டில்மேலயே போடுவான், சனியன்," என்று பல்லைக் கடித்தபடி ஆரம்பிக்கிறாள்.