வேறு கை எடுக்கிற பூ

குகை வாசலில் பூதம் உட்கார்ந்திருந்தது. நகர மாட்டேன் என்றது.

பூதத்துக்காகப் பேசியவன் கோதண்டபாணி. விளையாட்டைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். எழுபத்திரண்டாம் வருஷ ஐப்பசியில் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறிக்கிடந்தது. நெசவாளிக்கு வேறென்ன வேலை?

அவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள் நடப்பார்கள். பக்கத்துத் தறி வீரபாகு மாமா மந்திரவாதி. சரிகைக்கடை ஹனீஃபா பாய் கப்பல் வியாபாரி. தங்கை ஏலவார்குழலி அம்மன் கோயில் பூசாரி. ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு சக்தி உண்டு. சோழியை உருட்டி, ஐந்துக்கு மேல் மல்லாந்து விழுந்தால் அது பலிக்கும்.

வினையை ஆரம்பித்தவள் குழலி.

“மந்திரவாதியும் சோழி உருட்டுறாரு, நானும் சோழி உருட்டுறேன். அப்புறம் அம்மன் எதுக்குண்ணா?”

நியாயமான கேள்வி. இரண்டு நாள் அவன் மண்டையைக் குடைந்தது. மந்திரவாதி ஊரை எரித்தாலும் பூசாரி மழையை வரவழைத்தாலும் தரையில் ஒரே கடகடச் சத்தம்தான். அப்படியென்றால் தெய்வமும் ஒரு மந்திரம்தானா?

மூன்றாம் நாள் விடை கிடைத்தது. கிடைத்த இடம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் தெருக்கோடி அம்மன் கோயிலில் குழலிக்காகப் பூ கேட்டிருந்தார்கள். தென்னேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை தபால்காரர், மனைவியை இழந்தவர். குழலிக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. அம்மன் முன்னால் போட்ட இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுப்பார்கள்; வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

பூ கேட்டுவிடலாம் என்று சொன்னதே கோதண்டபாணிதான். சிவப்பு வரும் என்று நம்பித்தான் சொன்னான்.

அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். கோர்வைப் புடவைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அவன் புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓடும் நாடாவைத் தள்ளுகிறவள் பதினாறு வருஷமாக அவள்தான். அவள் போய்விட்டால் தறி மட்டுமா நிற்கும்?

கோயில் பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தது. கோதண்டபாணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சமாளித்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். அம்மன் சொன்னதை மீற முடியாது. இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்ற நப்பாசை மட்டும் அவனை விடவில்லை.

எப்படியோ, விளையாட்டுக்கு ஒரு விதி கிடைத்தது. மந்திரவாதியின் சக்தி அவன் கையிலேயே இருக்கிறது. உருட்டுவான், எடுத்துக்கொள்வான். பூசாரி கேட்க மட்டும்தான் முடியும். கொடுப்பது வேறு கை. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பொட்டலம் பூசாரி கட்டிப் போட வேண்டும். அவள் ஜெயிக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் அதில் ஒன்றை எடுக்க வேண்டும்.

இன்றைக்கு அந்த விதிக்கு முதல் சோதனை.

குழலி திரும்பி உட்கார்ந்து, பூவை வாழையிலைத் துண்டுகளில் மடித்து, மிச்சப் பட்டிழையால் சுற்றிக் கட்டிப் போட்டாள். பூதம் வழி விடுமா என்று கேட்டாள்.

ஹனீஃபா பாய் வெற்றிலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார். சோழிக்கு இந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. கோதண்டபாணிக்குப் பெருமை தாங்கவில்லை.

தன் மந்திரத்தால்தான் குகை திறக்க வேண்டும் என்றிருந்த வீரபாகு மாமா இதைத் தொட்டு, அதைத் தொட்டு, கடைசியில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

தோற்ற எரிச்சலில் மற்றதையும் பிரித்தார்.

“இது அழுகுணி ஆட்டம்பா! ரெண்டும் வெள்ளையா இருக்குது!”

செவ்வரளி குழலியின் மடியிலேயே கிடந்தது. அவள் அதை மறைக்கவில்லை. தலையையும் குனியவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலிலும் பொட்டலம் கட்டியவள் அவள்தான். அங்கே எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதைக் குழலிதான் கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள்.

செல்லுமா, செல்லாதா என்று மாமா நச்சரித்தார். கதை சொல்கிறவன் வைத்ததுதான் சட்டம்.

செல்லாது என்று சொல்ல இப்போது கோதண்டபாணிக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொன்னால் இந்தப் பூவோடு கோயிலில் வந்த அந்தப் பூவும் செல்லாமல் போய்விடும். தென்னேரிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் முடிந்தது.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செல்லும்,” என்றான்.

வீரபாகு மாமா சோழிகளை வீசிவிட்டு, இனி இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கிளம்பினார்.

கோதண்டபாணி தங்கையின் பக்கம் திரும்பி, வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டான். பூ வந்த நாளிலிருந்து அவன் அந்தச் சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.